குழந்தையின் முதற் சோறு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறு கிண்ணத்துள் அடங்கக்கூடியது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய் தன் வீட்டு அடுப்பிலே ஆக்கித் தீத்துகின்ற முதற் சோறே அப்பொருள். கிண்ணம் சிறிதாயினும் அதன் பயன் சிறிதன்று. பிள்ளையின் உயரமும், நிறையும், நோயை எதிர்த்து நிற்கும் வலிமையும், பின்னாளிற் பள்ளியிலே எழுத்தறியும் ஆற்றலும் அக்கிண்ணத்தோடு தொடர்புடையன.

நம் முன்னோர் இதன் அருமையை நன்கு உணர்ந்திருந்தனர். ஆகையினாலன்றோ சோறு தீத்துதலை ஒரு மங்கல நிகழ்ச்சியாக வைத்தனர்? நல்ல நாள் பார்த்துக் கோயிலிலோ, வீட்டிலே குத்துவிளக்கின் முன்னரோ குழந்தையை மடியில் இருத்தி, பொங்கிய சோற்றில் ஒரு சிறு கவளத்தை அதன் நாவில் வைத்தனர். முதற் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையிற் சொரிந்து மகிழ்ந்தனர். இவ்வழக்கங்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றன, வாழ்தல் நன்று. ஆனால், சடங்கு ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. மறுநாளும், அதற்கடுத்த முந்நூறு நாட்களும் அக்குழந்தையின் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதே நாம் இன்று ஆராய வேண்டிய கேள்வி.

பிள்ளை பிறந்ததும் வழங்கப்படும் சுகாதாரப் பதிவேட்டைத் தாய்மார் யாவரும் அறிவர். மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, குடும்பநல உத்தியோகத்தர் அதிலே ஒரு புள்ளி இடுவார். புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு உண்டாகும். தாய்ப்பாலை மாத்திரம் குடிக்கும் காலத்தில் அக்கோடு பெரும்பாலும் அழகாக மேலேறும். பிறந்தபோது 3 கிலோ இருந்த பிள்ளை ஐந்து, ஆறு மாதத்தில் அதன் இருமடங்காகிவிடும். அதன் பின்னர், ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ, நோயொன்றும் இல்லாதிருந்தும் சில பிள்ளைகளின் கோடு மேலேறாமற் படுத்துவிடுகிறது. “பிள்ளை நன்றாகத்தானே சாப்பிடுகிறது!” என்று தாய் மலைக்கிறாள்.

இது ஒரு வீட்டின் கவலை மாத்திரம் அன்று. 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றியும், ஏறத்தாழ 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இன்றியும் காணப்பட்டனர். தோட்டப்புறங்களில் உயரங் குறைந்தோர் தொகை நூற்றுக்கு 30ஐக் கடந்திருந்தது. இக்குறை பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையிலேயே வேரூன்றுகிறது. பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் இழந்த உயரத்தை முழுவதும் மீட்டல் அரிது.

முதலிலே, தொடங்கும் நாளைப்பற்றி ஒரு சொல். ஆறாம் மாதம் என்பதும் ஆறு மாதம் நிறைதல் என்பதும் ஒன்றல்ல. ஐந்து மாதம் முடிந்த மறுநாளே ஆறாம் மாதம் பிறந்துவிடும். நாம் வேண்டுவது ஆறு மாதமும் நிறைதல்; அஃதாவது 180 நாட்கள் கழிதல். அதுவரையில் தாய்ப்பாலே உணவு, தாய்ப்பாலே நீர். சுடுநீரும் சீனித்தண்ணீரும் வேண்டியதில்லை. உலக சுகாதார மன்றம் 2001ஆம் ஆண்டில் இதனையே நாடுகளுக்கெல்லாம் வலியுறுத்தியது.

முன்னதாகத் தொடங்கினாற் பால் குடித்தல் குறைந்து, வயிற்றோட்டத்துக்கு வழி உண்டாகும். பிந்தித் தொடங்கினாலோ வேறொரு குறை நேரும். நிறைமாதத்திற் பிறந்த குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அச்சேமிப்பு ஆறு மாத அளவிலே கரைந்துவிடும். தாய்ப்பாலிலோ இரும்புச்சத்து மிகக் குறைவு. ஆகவே 180 நாள் நிறைந்ததும் தொடங்குதலே முறை. தாய்ப்பாலை அதனால் நிறுத்திவிடலாகாது. இரண்டு வயதும் அதற்கு மேலும் அது தொடரலாம். சோறு பாலுக்குத் துணையாக வருவது, பாலைத் துரத்த வருவதன்று. யாதேனும் காரணத்தாற் பாலூட்ட இயலாத தாய்மார் வைத்தியரின் ஆலோசனைப்படி நடந்துகொள்க. அதிலே நாணத்துக்கு இடமில்லை.

இனி, இன்றைய பேச்சின் நடுப்பொருளுக்கு வருவோம். நம் வீடுகளில் குழந்தைக்கு முதலிற் கொடுக்கப்படுவது யாது? பெரும்பாலும் கஞ்சித்தெளிவு, அல்லது பருப்பு அவித்த நீர், அல்லது மரக்கறியை அவித்து வடித்தெடுத்த சாறு. “பச்சைப் பிள்ளைக்குச் செரிக்காது, தண்ணீராகக் கொடு” என்று அம்மம்மாவும் அப்பம்மாவும் அன்போடு சொல்கின்றனர். அன்பிலே குறையில்லை, கணக்கிலேதான் குறை. அக்கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

ஆறு முதல் எட்டு மாதம் வரையுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேலாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. 125 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு சிறு கோப்பையில், நூற்றுக்கு ஐந்து பங்கு அரிசியும் மிகுதி நீருமாகக் காய்ச்சிய கஞ்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலுள்ள அரிசி 6 கிராம். கிடைக்கும் சக்தி 22 கலோரியளவே. இப்படி 200 கலோரி பெற அக்குழந்தை ஒன்பது கோப்பை குடிக்க வேண்டும். ஒரு லீற்றருக்கும் அதிகம்! குழந்தையின் இரைப்பையோ நிறை ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் மாத்திரமே கொள்ளும். 7 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 210 மில்லிலீற்றர். இரண்டு கோப்பைக்குள் வயிறு நிறைந்துவிடும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் வயிறு நிறைந்தது என்று எண்ணுகிறாள், நிறைந்தது நீரினாலேதான்.

அதே கோப்பையில் நூற்றுக்கு இருபது பங்கு அரிசி இருப்பின், அது கஞ்சியாக இராது, குழைந்த சோறாக இருக்கும். அப்பொழுது ஒரு கோப்பையிலேயே 90 கலோரியளவு கிடைக்கும். இரண்டு கோப்பையும் சிறிது மேலும் உண்டால் ஒரு நாளைக்கு வேண்டியது சேர்ந்துவிடும். அரிசி ஒன்றே, அடுப்பு ஒன்றே, கை ஒன்றே. வேற்றுமை நீரின் அளவிலே மாத்திரம் உள்ளது.

ஆகையால், ஓர் எளிய சோதனை சொல்கிறேன். உணவைக் கரண்டியில் எடுத்துச் சற்றே சரித்துப் பாருங்கள். அது நீர்போல வழிந்தோடினால் பிள்ளைக்கு ஆகாது. கரண்டியிலே நின்று மெல்லச் சரிந்தால் அதுவே பதம். தராசும் வேண்டா, நூலும் வேண்டா. கரண்டியே ஆசிரியர்.

பதம் மாத்திரம் போதாது, பொருளும் வேண்டும். இதற்கு வரலாற்றிலே ஒரு கசப்பான சான்று உண்டு. ஜமேக்காத் தீவிற் பிறந்த வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், இன்று கானா எனப்படும் அன்றைய பொற்கரை நாட்டிலே பணியாற்றியபோது, தாய்ப்பால் நிறுத்தப்பட்டுச் சோளக் கூழை மாத்திரம் உண்டுவந்த சிறு பிள்ளைகள் உடல் வீங்கி, தோல் உரிந்து மடிவதைக் கண்டார். 1933ஆம் ஆண்டில் அந்நோயை விவரித்து எழுதினார். 1935ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெண்கள் வழங்கிய பெயராலேயே அதனைக் குவாஷியோர்க்கர் என்று மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் பறிக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் கருத்து. தானியம் ஒன்றையே நம்பிய கிண்ணம் பிள்ளையைக் காக்கவில்லை.

நம் சமையலறையிலே இதற்கு மருந்து உண்டு. சோறும் பருப்பும் சேர்த்து உண்ணும் நம் பழக்கமே அது. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயறு, பருப்பு முதலியவற்றில் அது மிகுதி. பருப்பிலே குறைந்த வேறொரு கூறு அரிசியிலே உண்டு. இரண்டும் ஒரே கிண்ணத்திற் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அரிசி மூன்று பங்கானாற் பருப்பு ஒரு பங்கு என்பது நல்ல அளவு; இரண்டுக்கு ஒன்றாயினும் தவறில்லை.

முதற் சோற்றை ஆக்கும் முறையைக் கேளுங்கள். அரிசி இரண்டு மேசைக்கரண்டி, மைசூர்ப் பருப்பு அல்லது தோல் நீக்கிய பயறு ஒரு மேசைக்கரண்டி எடுத்துக் கழுவி, நீர் விட்டு மெல்லிய தீயில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். பாதி வெந்ததும் ஒரு துண்டு பூசணி அல்லது கரட் அல்லது வற்றாளங்கிழங்கு சேருங்கள். இறக்குவதற்குச் சற்று முன்னர், நன்கு கழுவி மிக நுண்ணியதாக அரிந்த முருங்கையிலை அல்லது பசளிக் கீரை ஒரு பிடி போட்டு ஒரு கொதி வரவிடுங்கள். பின்னர் கரண்டியின் முதுகினாலோ மத்தினாலோ மசியுங்கள். இறுதியாக ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடுங்கள். அல்லது வேகும்போதே கெட்டியான முதற்பால் சேருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரியளவு உண்டு. பூசணியிலும் கீரையிலும் உள்ள உயிர்ச்சத்து ஏ உடலிற் சேர்வதற்கும் கொழுப்பு வேண்டும். உப்பு வேண்டா, சீனி வேண்டா. நாம் சுவை காணாத உணவிலே குழந்தை சுவை காணும். அதன் நா இன்னும் கெட்டுப்போகவில்லை.

முதல் நாளில் இரண்டு மூன்று கரண்டி போதும். வெறும் குழைசோற்றைத் தாய்ப்பாலோடு மசித்துத் தொடங்கி, இரண்டொரு நாளிற் பருப்பையும், பின்னர் மரக்கறியையும் கீரையையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். புதியதொன்றைச் சேர்க்கும்போது இரண்டு மூன்று நாள் அதனைக் கொடுத்துப் பார்த்து, ஒவ்வாமை இல்லையென்று கண்டபின் அடுத்ததற்குச் செல்க. முதல் மாதம் முடிவதற்குள்ளேயே மீனும் முட்டையும் கிண்ணத்துக்கு வந்துவிடுதல் நன்று.

மீன், முட்டை என்றதும் சிலர் அஞ்சுகின்றனர். அவற்றைப் பிந்திக் கொடுத்தால் ஒவ்வாமை வாராது என்று முன்னர்க் கருதப்பட்டது. இன்றைய அறிவு அதனை ஏற்பதில்லை. இரும்புச்சத்துக்கு மீன், இறைச்சி, ஈரல் ஆகியவை சிறந்தவை. அவற்றிலுள்ள இரும்பு கீரையிலுள்ளதைக் காட்டிலும் எளிதில் உடலிற் சேரும். மீனை அவித்து, முள்ளைக் கையினாலே தடவிப் பார்த்து நீக்கி, மசித்துச் சோற்றோடு கலவுங்கள். நெத்தலிக் கருவாடாயின் இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பை நீக்கி, உலர்த்தி வறுத்து இடித்து, அத்தூளிற் சிறிதளவு சேர்க்கலாம். முட்டையை நன்கு அவித்து வெள்ளையும் மஞ்சளும் மசித்துக் கொடுக்கலாம். மரக்கறி உணவே கொள்ளும் குடும்பத்தினர் பயறு, கீரை, எள்ளு ஆகியவற்றைத் தவறாது சேர்த்து, அதனோடு சில துளி தேசிக்காய்ப் புளியோ, மசித்த பப்பாசியோ கொய்யாவோ கொடுப்பாராக. அவற்றிலுள்ள உயிர்ச்சத்து சீ, கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பை உடலுக்கு இழுத்துக் கொடுக்கும்.

இதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது தேநீர். தேயிலையிலுள்ள துவர்ப்பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது. நம் நாட்டிலே, சிறப்பாக மலைநாட்டிலே, வெறுந்தேநீரில் ரொட்டியைத் தோய்த்துச் சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தேயிலை நமக்குச் சோறு போடும் பயிர். ஆனால் அது பிள்ளையின் கிண்ணத்துக்கு உரியதன்று.

மலைநாட்டுத் தாய்மாரைப்பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். காலையிலே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேற வேண்டிய தாய்க்கு நாளைக்கு மூன்று வேளை அடுப்பு மூட்டி நிற்க நேரம் ஏது? பிள்ளை பகல் முழுவதும் பிள்ளைக் காம்பராவிலே இருக்கும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அலுவலகத்துக்குச் செல்லும் தாய்மாருக்கும் இதே நெருக்கடிதான். இவர்களுக்காகவே ஒரு மா சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பாடுபட்டால் பல வாரங்களுக்கு ஆகும்.

சிவப்பரிசி மூன்று சுண்டு, பயறு ஒரு சுண்டு, எள்ளு காற் சுண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கல்லும் தூசியும் போகச் சுளகிலே புடைத்து, கழுவி உலர்த்துங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே மணம் வரும்வரை வறுங்கள். ஒன்றாகப் போட்டால் ஒன்று கருக மற்றொன்று பச்சையாக இருக்கும். ஆறியபின் உரலில் இடித்தோ ஆலையிற் கொடுத்தோ மாவாக்கி, அரித்து, ஈரமற்ற பேணியில் இறுக மூடி வையுங்கள். எள்ளிலே எண்ணெய் உண்டாகையால் ஒரு மாதத்துக்குமேல் வைத்திருத்தல் நன்றன்று. பயன்படுத்தும்போது மா மூன்று மேசைக்கரண்டியை ஆறிய நீரிலே கட்டியின்றிக் கரைத்து, ஒரு தேநீர்க் கோப்பைக்குச் சற்றுக் குறைவான நீருடன் கிளறிக் காய்ச்சினாற் பத்து நிமிடத்திற் கூழ் ஆயத்தமாகும். வெந்த கிழங்கோ, மசித்த கதலிப்பழமோ, ஆனைக்கொய்யாவோ கூட்டிக் கொடுக்கலாம்.

ஒரு சிறு தொல்லை உண்டு. மாக்கூழ் ஆறும்போது இறுகும். பிள்ளை விழுங்க முடியாமல் திணறும். தாய் நீர் விடுவாள். நாம் விட்டு வந்த பழைய கணக்கு மீண்டும் வந்துவிடும். இதற்கு ஓர் அருமையான உபாயம் குரக்கனிலே இருக்கிறது. குரக்கனைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, சுத்தமான ஈரத் துணியிலே முடிந்து வையுங்கள். ஒன்று இரண்டு நாளில் முளை தோன்றும். வெயிலில் நன்றாக உலர்த்தி, முளைகளைத் தேய்த்து உதிர்த்து, மாவாக்கி வையுங்கள். கடுமையாக வறுத்துவிடாதீர்கள். முளைக்கும் தானியத்திலே மாப்பொருளை உடைக்கும் ஒரு நொதி பிறக்கிறது. மிகுந்த சூட்டில் அது அழிந்துவிடும்.

கூழ் காய்ச்சி இறக்கிச் சற்று ஆறியபின் இம்முளைமாவில் ஒரு தேக்கரண்டியை அதிலே கலந்து கிளறுங்கள். சில நிமிடத்தில் இறுகிய கூழ் இளகிவிடுவதைக் கண்ணாலே காண்பீர்கள். நீர் ஒரு துளியும் சேரவில்லை. சக்தி சிறிதும் குறையவில்லை. இவ்வாறு இளகிய கூழுக்கு மாத்திரம் கரண்டிச் சோதனை பொருந்தாது. பின்னர் மீண்டும் ஒரு கொதி கொதிக்கவைத்து இறக்குங்கள்; ஈரத்தில் முளைத்த தானியத்திற் கிருமிகள் இருக்கக்கூடுமாதலால் இது கட்டாயம். இறுங்கை மாத்திரம் இவ்வாறு முளைகட்டிக் கொடுத்தலாகாது. அதன் முளையிலே நச்சுத்தன்மை உண்டாகும்.

பிள்ளை வளர வளர உணவின் உருவமும் மாறவேண்டும். எட்டாம் மாதமளவிற் பட்டுப்போல மசித்தலை விட்டுச் சிறு கட்டிகளோடு கொடுங்கள். மென்மையாக வெந்த கரட் துண்டையோ பழத்துண்டையோ கையில் எடுத்து உண்ணப் பழக்குங்கள். மின்சார இயந்திரத்தில் எல்லாவற்றையும் நெய்போல அரைத்தே ஊட்டிவந்தாற் பிள்ளை மெல்லக் கற்றுக்கொள்ளாது. பின்னர்ச் சோற்றைக் கண்டாலே துப்பும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை; அதன்பின் மூன்று அல்லது நான்கு வேளை, இடையிலே பழம்போன்ற சிற்றுணவு ஒன்றிரண்டு முறை. ஒரு வயது நிறைந்ததும் குடும்பத்தின் சோற்றையும் கறியையும், உறைப்புக் கூட்டுவதற்கு முன் எடுத்துவைத்து, பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

கடையிலே விற்கும் பேணிகளைப்பற்றியும் கேட்பீர்கள். வாங்கும் உணவெல்லாம் தீது என்று நான் சொல்லவில்லை. 1973ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் வழங்கப்பட்டுவரும் திரிபோஷ, சோளமும் சோயாவும் கொண்டு ஆக்கப்பட்ட சத்துணவு. எடை குறைந்த பிள்ளைக்கென அது கிடைக்குமாயின் அப்பிள்ளைக்கே கொடுங்கள். வீட்டார் யாவரும் பங்கிட்டுக்கொண்டால் உரியவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் சீனி கலந்த ரின்பால் ஒருபோதும் குழந்தை உணவாகாது. முன்னர்க் குறிப்பிட்ட சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிலே ஆற்றிய உரைக்குப் “பாலும் கொலையும்” எனப் பொருள்படும் தலைப்பை இட்டு, அப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென விளம்பரஞ் செய்வதைக் கண்டித்தார். பசுப்பாலையும் பால்மாவையும்கூட ஒரு வயதுக்கு முன் முக்கிய பானமாகக் கொடுத்தல் தகாது.

2021ஆம், 2022ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்காகக் கடைவாசலில் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. கப்பலில் வரும் பேணி ஒரு நாள் வராமற் போகலாம். வேலியோரத்து முருங்கையும், கொல்லைப் பப்பாசியும் அத்தனை எளிதில் நம்மைக் கைவிடா. ஏழையின் கிண்ணமும் நிறைவுடையதாகலாம் என்பதற்கு அவை சான்று.

இனிச் சில எச்சரிக்கைகள். ஆக்குமுன்னும் ஊட்டுமுன்னும் கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுக. பிள்ளையின் கையையும் கழுவுக. ஆக்கியதை வெளியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்துக் கொடாதீர்கள். நம் நாட்டு வெப்பத்திலே கிருமிகள் விரைந்து பெருகும். ஆகவே பிள்ளைக் காம்பராவுக்குக் கூழைக் காலையிலே காய்ச்சிக் கொடுத்தனுப்புவதிலும் மாவைக் கொடுத்து அங்கே அவ்வப்போது காய்ச்சச் செய்வதே மேல். கரண்டியும் கிண்ணமும் போதும். சூப்பிப் போத்தலில் உணவைக் கரைத்து ஊற்றாதீர்கள். ஒரு வயதுக்குமுன் தேன் தொட்டு வைத்தலும் ஆகாது. அரிதாயினும் உயிருக்கு ஆபத்தான நஞ்சு அதனால் உண்டாகலாம். முழுக் கடலை, முழுக் கச்சான் முதலியவை தொண்டையில் அடைக்கும். பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளத்தையும் மாவிற் சேர்த்தல் நஞ்சைச் சேர்ப்பதாகும்.

பிள்ளை நோயுற்றாற் சிலர் உணவை நிறுத்திவிடுகின்றனர். அது தவறு. நோயிலே தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். நோய் நீங்கியபின் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை அதிகம் கொடுங்கள். இழந்த நிறை அப்பொழுதுதான் திரும்பும்.

இறுதியாக ஒன்று. ஊட்டுதல் வயிற்றை நிரப்பும் வேலை மாத்திரம் அன்று. பிள்ளையோடு பேசும் நேரமும் அதுவே. அந்நாளில் அம்மம்மா முற்றத்திலே இருந்து காகத்தையும் நிலாவையும் காட்டிச் சோறு தீத்தினார். இன்று பல வீடுகளில் அந்த இடத்தைக் கைத்தொலைபேசியின் படம் பிடித்துக்கொண்டது. படத்தைப் பார்த்தபடி உண்ணும் பிள்ளைக்குத் தன் பசியும் தெரியாது, நிறைவும் தெரியாது. முகத்தைப் பார்த்து ஊட்டுங்கள். வாயைத் திறந்தாற் கொடுங்கள். திருப்பிக்கொண்டாற் சற்றுப் பொறுங்கள். வலிந்து திணியாதீர்கள். இவ்வேலை தாய்க்கு மாத்திரம் உரியதென்றும் எண்ணாதீர்கள். தந்தையும் கரண்டியை எடுக்கலாம், மசிக்கலாம், மாதந்தோறும் நிறுவைக்குக் கொண்டு செல்லலாம்.

அடுத்த முறை நிறுத்துப் பார்க்கும்போது பதிவேட்டிலே கோடு படுத்திருக்கக் கண்டால், குடும்பநல உத்தியோகத்தரோடு கலந்து பேசுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்கு ஆக்கியதைக் கரண்டியில் எடுத்துச் சரித்துப் பாருங்கள். அது வழிந்தோடினால், நாளைய சமையலில் நீரைக் குறைத்து, ஒரு பிடி பருப்பைக் கூட்டுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். பெருஞ்செலவு இல்லை, ஆனால் பிள்ளையின் வளர்ச்சிக்கு அது பேருதவியாகும்.

நேயர்களே, உங்கள் பிள்ளைகள் நன்றாக வளர்க.